குடாநாட்டு மின்சாரமும் அதனை அளக்கும் நெறியும்

மின்சாரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அணைகளையும் மின்நிலையங்களையும் உயர்ந்த மின்கம்பங்களையுமே எடுத்துரைப்பர். அவை வேண்டுவனவே. ஆயினும், வீட்டினுள் வந்து சேர்ந்த மின்சாரத்தைத் திறந்து பார்த்தும், அளந்தும், பழுது நீக்கியும் வந்த தொழிலாளரின் கதை அத்தகைய வரலாறுகளில் இடம்பெறுவது அரிது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அக்கதைக்குத் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. இங்கு மின்சாரம் வந்தது. பின்னர் பல ஆண்டுகள் இல்லாது போயிற்று. மீண்டும் வந்தபொழுது அதனைப் பயன்படுத்தும் கருவிகள் வேறு இயல்பினவாய் மாறியிருந்தன. அம்மாற்றத்தையும், அதனை அறியாது கருவியைத் திறப்போருக்கு நேரக்கூடிய ஆபத்தையும், அவ்வாபத்தை நீக்கும் வழியையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் நீர்மின்சாரம் பேரளவில் கிடைக்கத் தொடங்கியது 1950 ஆம் ஆண்டில் லக்சபானா மின்நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னரே. குடாநாட்டுக்கு மின்சாரம் வழங்குவதற்கென 1958 ஆம் ஆண்டளவில் சுன்னாகத்தில் டீசல் மின்நிலையம் அமைக்கப்பட்டது. அதற்கு முன்னரும், அதன் பின்னர் நெடுங்காலமும், கம்பிகள் எட்டாத கிராமங்கள் பல இருந்தன. ஆனால் வானொலியோ அக்கிராமங்களையும் எட்டியிருந்தது. கொழும்பிலே 1925 ஆம் ஆண்டில் தொடங்கிய ஒலிபரப்பு, 1949 இல் ‘இலங்கை வானொலி’ என்னும் பெயரைப் பெற்றது. மின்சாரமில்லாத ஊரில் வால்வு வானொலியை இயக்குவதற்கு மின்கலவடுக்குகள் வேண்டும். வால்வின் இழையைச் சூடாக்கக் குறைந்த அழுத்தமும், வால்வினூடே இலத்திரன்களை இழுக்க ஏறத்தாழ 90 வோல்ற்று அழுத்தமும் ஒருங்கே தேவைப்பட்டன.

மோட்டார் வண்டியின் 6 வோல்ற்று மின்கலவடுக்கு ஒன்றைக்கொண்டே உயர்ந்த அழுத்தத்தைப் பெறும் உபாயமொன்றும் 1930களில் மேலைநாடுகளில் வழக்குக்கு வந்தது. அதிர்வி என்னும் சிறு கருவியிலுள்ள மெல்லிய தகடு, நொடிக்கு நூறு முறையளவில் அதிர்ந்து, மின்னோட்டத்தை விட்டுவிட்டு ஓடச் செய்யும். அவ்வாறு வெட்டப்பட்ட ஓட்டத்தை நிலைமாற்றி ஒன்றினுட் செலுத்தினால் வேண்டிய உயர் அழுத்தம் கிடைக்கும். ஓட்டத்தை வெட்டுதல், நிலைமாற்றியால் மாற்றுதல், மீண்டும் சீராக்குதல் என்னும் இம்மூன்று செயல்களையும் மனத்திற் கொள்ளுதல் நன்று. இன்று நம் கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் சிறு பெட்டி செய்வதும் இவற்றையேயாம். தகடு செய்த தொழிலைத் திரான்சிற்றர் செய்கின்றது என்பதே வேறுபாடு.

நிலைமாற்றி என்பது ஓர் இரும்பு அகணியின்மேல் வேறுவேறாகச் சுற்றப்பட்ட இரண்டு சுருள்களாகும். முதற்சுருளுக்கும் துணைச்சுருளுக்கும் இடையே காந்தப்புலத்தின் வழியாகவே சத்தி செல்கின்றது. கம்பித் தொடர்பு எதுவுமில்லை. ஆகவே அது அழுத்தத்தை மாற்றுவதோடன்றி, வழங்கற் கம்பிக்கும் கருவியைத் தொடும் மனிதனுக்கும் இடையே சுவர் போலவும் நிற்கின்றது. பழைய வானொலிகளுட் பெரும்பாலானவற்றைத் திறந்து பார்த்த திருத்துநர், அச்சுவர் அங்கே இருந்தமையால், மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உலோகச் சட்டத்தைத் தொட்டு வேலை செய்தனர். அவர்கள் அச்சுவரைப் பற்றி எண்ணவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

எண்ணவேண்டிய தேவை முதன்முதலில் எழுந்தது வேறொரு வகை வானொலியாலே. மேலைநாட்டு நகரங்கள் சிலவற்றில் ஆடலோட்டமும், வேறு சிலவற்றில் நேரோட்டமும் வழங்கப்பட்ட காலமது. நேரோட்டத்தில் நிலைமாற்றி இயங்காது. எனவே இருவகை ஓட்டத்திலும் இயங்கத்தக்கதாக, நிலைமாற்றியே இல்லாத வானொலிகள் செய்யப்பட்டன. எடையும் விலையும் குறைந்தன. ஆனால் உலோகச் சட்டம் வழங்கற் கம்பியொன்றுடன் நேரே இணைந்திருந்தது. சுவரில் செருகியைத் திருப்பிச் செருகினால் சட்டம் முழுவதும் உயிர்க்கம்பியின் அழுத்தத்தைப் பெற்றுவிடும். பிரித்தானியாவிற் செய்யப்பட்ட இத்தகைய வானொலிகளில், திருகு குமிழைப் பிணைக்கும் சிறிய ஆணியைக்கூட உள்ளே ஆழ்த்தி, அதன்மேல் மெழுகு பூசி மறைப்பது வழக்கம். விரல் அந்த ஆணியிற் படலாகாது என்பதே காரணம். சுவரை நீக்கினால் அதனால் வரும் இலாபம் வாங்குவோனுக்கும், ஆபத்துத் திருத்துவோனுக்கும் போய்ச் சேர்கின்றது என்னும் பாடத்தை இவ்வானொலிகள் கற்பித்தன.

1947 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே திரான்சிற்றர் தோன்றியது. 1954 முதல் திரான்சிற்றர் வானொலிகள் விற்பனைக்கு வந்தன. ஒன்றரை வோல்ற்று மின்கலங்கள் நான்கைத் தொடராக இட்டால் 6 வோல்ற்று. அதுவே ஒரு வானொலிக்குப் போதுமானதாயிற்று. தொண்ணூறு வோல்ற்று இருந்த இடத்தில் ஆறு வோல்ற்று வந்தமையால், வானொலியைத் திறந்து பழகுவது சிறுவர்க்கும் இயல்வதாயிற்று. பின்னாளில் குடாநாட்டுக்கு நேர்ந்த பெருந்துன்பத்தில் இச்சிறிய எண் ஒரு பேருதவியாய் அமைந்தது.

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின்னர், தென்னிலங்கையிலிருந்து வந்த மின்சாரம் குடாநாட்டுக்கு இல்லாது போயிற்று. எரிபொருளோடு உலர்மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கின. மண்ணெண்ணெய் அரிதாகி விலையேறியபோது, ஜாம் போத்தலில் அமைத்த சிறு விளக்கின் ஒளியில் மாணவர் பயின்றனர். செய்தி அறியும் ஆவல் மட்டும் குறையவில்லை. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, சில்லோடு உராயும் டைனமோவிலிருந்து பெற்ற மின்னோட்டத்தால் வானொலி கேட்ட குடும்பங்கள் பல. ஒருவர் சுற்ற, ஏனையோர் செவிசாய்த்துச் செய்தி கேட்பது அக்காலத்து மாலைக் காட்சியாய் இருந்தது.

துவிச்சக்கரவண்டியின் டைனமோ பொதுவாக 6 வோல்ற்று, 3 வாற்று அளவினது. நான்கு மின்கலங்களின் அழுத்தமும் அதுவே என்பதை ஈண்டு நோக்குக. ஆனால் அது தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவதோ நேரோட்டம். எனவே இருவாயிகள் நான்கைப் பாலம்போல் இணைத்துச் சீராக்கி, கொள்ளளவி ஒன்றால் ஏற்றவிறக்கத்தைத் தணித்தல் வேண்டும். மேலும், சுமை குறைவாக உள்ளபோது விரைந்து சுற்றினால் டைனமோவின் அழுத்தம் ஆறு வோல்ற்றுடன் நில்லாது பன்மடங்கு உயரும். தலைவிளக்கின் மின்குமிழைக் கழற்றாது உடன் இணைத்து வைத்தால், அது சுமையாய் நின்று அழுத்தத்தை அடக்கும். சீராக்கி, கொள்ளளவி, சுமை என்னும் பாடங்களை நூலிற் படிக்குமுன்பே கையாற் கற்ற தலைமுறை ஒன்று அவ்வாண்டுகளில் உருவாயிற்று. அத்தலைமுறையின் திறமையை எவ்வளவு போற்றினும் தகும்.

ஆயினும், அவர்கள் கற்ற மின்சாரம் இரண்டு வகையில் சாதுவானது. அதன் அழுத்தம் மிகக் குறைவு என்பது ஒன்று. மற்றையது, அது புவியோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாதது என்பது. தலைகீழாய் நின்ற வண்டியும் அதனோடிணைந்த வானொலியும் தனித்ததொரு தீவு. அத்தீவில் எந்தப் புள்ளியையும் பூச்சியம் என்று கொள்ளலாம். எந்தக் கம்பியையும் தொடலாம். எந்த அளவுகருவியின் எந்த முனையையும் எங்கும் பொருத்தலாம். தீங்கு நேராது. வீட்டுச் சுவரிலிருந்து வரும் மின்சாரமோ அத்தகையதன்று. மின்வழங்கலின் நொதுமல் கம்பி, நிலைமாற்றி நிலையத்திலேயே நிலத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. ஆகவே நாம் நிற்கும் நிலமே அச்சுற்றின் ஒரு முனையாகின்றது.

குடாநாடு இருளில் இருந்த அவ்வாண்டுகளிலே உலகில் மற்றொரு மாற்றம் நிறைவெய்திக்கொண்டிருந்தது. அதுவே ஆளிமுறை மின்வழங்கி, கடைகளில் ‘எஸ்.எம்.பி.எஸ்.’ என வழங்குவது. வழங்கல் மீடிறன் நொடிக்கு 50 ஆக இருக்கும்வரை நிலைமாற்றிக்குப் பெரிய இரும்பு அகணி வேண்டும். மீடிறனை ஆயிரம் மடங்கு உயர்த்தினால் மிகச் சிறிய அகணியே போதும். ஆனால் அத்தகைய மீடிறனில் சாதாரண இரும்பு வெப்பத்தால் சத்தியை வீணாக்கும். அதற்கேற்ற பெரைற்று என்னும் காந்தப்பொருளை ஒல்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுகூடத்திலே ஸ்நோக் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் உருவாக்கினர். உயர் அழுத்தத்தைத் தாங்கி விரைவில் திறந்து மூடும் திரான்சிற்றர்களும் 1970களில் மலிந்தன. 1977 இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியில் ரொட் ஹோல்ற் வகுத்த ஆளிமுறை மின்வழங்கி இடம்பெற்றது. தொலைக்காட்சிப் பெட்டிகளும் அவ்வழியே சென்றன. காலப்போக்கில் கைத்தொலைபேசி மின்னூட்டியும், ஒளிகாலும் இருவாயி விளக்கும் அதனையே தம் உள்ளுறுப்பாகக் கொண்டன.

இக்கருவியினுள் நிகழ்வது யாது? 230 வோல்ற்று ஆடலோட்டம், நிலைமாற்றி எதனுள்ளும் புகாமல், நேரே இருவாயிப் பாலத்தாற் சீராக்கப்படுகின்றது. 230 வோல்ற்றின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ற்று; அவ்வழுத்தத்திலே பெரிய கொள்ளளவி ஒன்று ஏற்றப்படுகின்றது. அந்நேரோட்டத்தைத் திரான்சிற்றர் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டுகின்றது. சிறிய பெரைற்று நிலைமாற்றி அதனைக் குறைந்த அழுத்தமாக மாற்றுகின்றது. ஆகவே, பழைய வானொலியில் வாயிலிலே நின்ற சுவர் இங்கே பெட்டியின் நடுவில் நிற்கின்றது. சுவரின் ஒருபுறம் கைத்தொலைபேசிக்கான சாதுவான 5 வோல்ற்று. மறுபுறம் உயிர்க்கம்பியோடு நேரே இணைந்த 325 வோல்ற்று. இரண்டும் ஒரே பலகையில், ஒருவிரல் இடைவெளியிலும் குறைவாக அமைந்துள்ளன.

இத்தகைய விரைந்த மின்னலைகளைக் கண்ணாற் காண்பதற்கு அலைவுகாட்டி வேண்டும். 1897 இல் ஸ்ற்ராஸ்பேர்க் நகரிலே கார்ல் பேர்டினாந்து பிரவுன் என்னும் ஜெர்மானிய அறிஞர் கதோட்டுக் கதிர்க் குழாயைச் செய்து, மின்னோட்டத்தின் மாற்றத்தை ஒளிப்புள்ளியின் அசைவாகக் காட்டினார். பின்னர் 1909 இல் மார்க்கோனியோடு அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டது கம்பியில்லாத் தந்திக்காக. 1947 இல் அமெரிக்காவின் ரெக்ரோனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 511 என்னும் அலைவுகாட்டி, மீண்டும் மீண்டும் நிகழும் அலையைத் திரையில் அசையாது நிறுத்திக் காட்டியது. அதன்பின் அலைவுகாட்டி தொழிற்கூடந்தோறும் பரவியது. முன்னாளில் பெரிய ஆய்வுகூடங்களுக்கே உரியதாயிருந்த இக்கருவி, இன்று உள்ளங்கையளவிலும் கிடைக்கின்றது.

அலைவுகாட்டிக்கும் ஆளிமுறை மின்வழங்கிக்கும் இடையேயுள்ள முரண்பாட்டை இனி நோக்குவோம். மேசைமீது வைக்கும் அலைவுகாட்டியின் அளக்கும் கம்பியில் ஒரு கூர்முனையும் ஒரு கவ்வியும் உண்டு. அக்கவ்வி, கருவியின் உலோக உடல் வழியாகவும் மூன்றுமுள் செருகியின் வழியாகவும், நிலத்தோடு நேரே இணைந்துள்ளது. அதாவது, அலைவுகாட்டிக்குப் பூச்சியம் என்பது புவியே. மின்வழங்கியின் உயர் அழுத்தப் புறத்துக்கோ பூச்சியம் என்பது இருவாயிப் பாலத்தின் எதிர்முனை. அஃது ஒவ்வோர் அலையின் அரைப்பகுதியிலும் இருவாயி ஒன்றன் வழியே உயிர்க்கம்பியுடன் இணைகின்றது. அங்கே கவ்வியைப் பொருத்துவோன் தன்னையறியாமலே உயிர்க்கம்பியை நிலத்தோடு குறுக்குச்சுற்றாக இணைக்கின்றான். பொறி பறக்கும், இருவாயிகள் சிதறும், அளக்கும் கம்பி எரியும், அலைவுகாட்டியும் பழுதாகலாம். இரண்டு பூச்சியங்களை ஒன்றென மயங்கியதால் வந்த விளைவு இது.

இதனைத் தவிர்க்கவெனச் சிலர் கையாளும் உபாயமொன்று இதனினும் கொடிது. அலைவுகாட்டியின் செருகியிலுள்ள புவித்தொடுப்பைத் துண்டித்துவிடுவர். பொறி பறவாது, அலையும் திரையில் அழகாகத் தோன்றும். ஆனால் அப்பொழுது அலைவுகாட்டியின் உலோக உடலும், வெளியே தெரியும் இணைப்பு வாய்களும், கவ்வியும் உயிர்க்கம்பியோடு தொடர்புடையனவாகி நிற்கும். ஒரு கை அதிற் பட்டு, மற்றொரு கையோ காலோ நிலத்தோடு தொடர்புற்றால் உயிருக்கே இறுதி நேரும். முன்னே கூறிய நிலைமாற்றியில்லா வானொலியின் சட்டத்தைப்போல, இங்கே அளவுகருவியே ஆபத்தின் உறைவிடமாகிவிடுகின்றது.

நேரிய வழி, தனித்திருக்கவேண்டியது அலைவுகாட்டியன்று, சோதிக்கப்படும் கருவியே என்பதை உணர்தலாகும். ஒன்றுக்கொன்று சமமான சுற்றுகளையுடைய தனிப்படுத்தும் நிலைமாற்றி ஒன்றினூடாக மின்வழங்கிக்கு மின்சாரம் கொடுத்தல் வேண்டும். வாயிலில் இருந்து நீக்கப்பட்ட சுவரைச் சோதனைக் காலத்துக்கு மட்டும் மீண்டும் எழுப்புவதற்கு இது ஒப்பாகும். அலைவுகாட்டியின் புவித்தொடுப்பு அப்படியே இருக்கலாம். வசதியுள்ளோர், புவித்தொடர்பின்றி இரண்டு புள்ளிகளின் வித்தியாசத்தை மட்டும் காட்டும் வித்தியாச முனையைப் பயன்படுத்துவர். அஃதில்லாதோர், அலைவுகாட்டியின் இரண்டு வாய்களுக்கும் உரிய கூர்முனைகளை இரு புள்ளிகளில் வைத்து, கவ்விகளைச் சுற்றில் எங்கும் பொருத்தாது விட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக் காணலாம். திரான்சிற்றரின் முனையில் அழுத்தம் 600 வோல்ற்றுக்கு மேலும் எழக்கூடுமாதலால், அளக்கும் முனையும் கருவியும் அதனைத் தாங்கவல்லனவா என்பதை முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் மறக்கலாகாது. வீடுகளில் ‘ட்ரிப் சுவிச்’ என வழங்கும் பாதுகாப்புக் கருவி, நிலத்துக்கு ஒழுகும் ஓட்டம் பொதுவாக 30 மில்லியம்பியரை அடையுமுன் மின்சாரத்தைத் துண்டிப்பது. தனிப்படுத்தும் நிலைமாற்றிக்கு அப்பால் அக்கருவி காவல் செய்யாது. அலைவுகாட்டியின் கவ்வி பொருத்தப்படாதவரை, அங்கே ஒரு கம்பியை மட்டும் தொட்டால் பெரும்பாலும் தீங்கில்லை; நிலத்தோடு இணைந்த கவ்வியைப் பொருத்தியபின் ஒரு கம்பியைத் தொடுதலும் ஆபத்தே. இரண்டையும் ஒருங்கே தொட்டால் காப்பார் எவருமில்லை. மேலும், மின்கலத்தால் இயங்கும் சிறிய அலைவுகாட்டி நிலத்தோடு இணையாதது எனினும், அதன் வெளியே தெரியும் உலோகப் பகுதி கவ்வியின் அழுத்தத்தையே பெறும். கணினியோடு கம்பியால் இணைக்கும் வகையோ, கணினியின் வழியே நிலத்தோடு இணைந்துவிடக்கூடும்.

மின்சாரத்தை நிறுத்தியவுடன் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுதலும் தவறு. 325 வோல்ற்றில் ஏறிய 100 மைக்ரோபரட்டுக் கொள்ளளவியில் ஐந்து யூலுக்கு மேற்பட்ட சத்தி தங்கியிருக்கும். 10 கிலோஓம், 10 வாற்றுத் தடையி ஒன்றைக் காவலிட்ட பிடியோடு அதன் முனைகளிடையே ஐந்து நொடிக்கு மேலாகப் பிடித்து வெறுமையாக்கி, பின்னர் வோல்ற்றுமானியால் அளந்து உறுதிசெய்த பின்னரே கையை வைத்தல் தகும். பழுதுபார்த்த கருவிக்கு முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது, 100 வாற்று இழை மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்து வைப்பது திருத்துநரிடையே வழங்கும் நல்ல வழக்கம். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் மின்குமிழ் முழுமையாக ஒளிரும். ஓட்டம் அரை அம்பியருக்குள் அடங்கும். அது கருவியைக் காக்கும், மனிதனைக் காக்காது. அரை அம்பியர் என்பது உயிரைப் போக்க வேண்டியதினும் பன்மடங்கு மிகுதி.

2009 இல் போர் முடிவுற்ற பின்னர் குடாநாட்டின் மின்வழங்கல் விரைந்து வளர்ந்தது. 2013 இல் சுன்னாகத்தில் 24 மெகாவாற்று ஆற்றலுடைய புதிய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அப்பத்தாண்டிலேயே கிளிநொச்சி வழியாக நாட்டின் மின்வலையமைப்போடும் குடாநாடு மீண்டும் இணைந்தது. அதே 2013 ஆம் ஆண்டில் உயர்தர வகுப்புகளில் தொழினுட்பத் துறை ஒரு புதிய பாடத்துறையாகத் தொடங்கப்பட்டது. அதனாற் கருவிகளைத் திறந்து பார்க்கும் ஆர்வமும் வாய்ப்பும் இளைஞரிடையே பெருகியுள்ளன. இது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், ஆறு வோல்ற்றுத் தீவிலே பழகிய கையின் துணிவைத் தந்தையரிடமிருந்து பெற்ற பிள்ளைகள், அத்துணிவை அப்படியே 325 வோல்ற்றின்மேற் செலுத்துதல் ஆகாது. ஆழம் அறியாமற் காலை விடாதே என்பது நம் முன்னோர் மொழி.

எனவே ஆய்வுகூடத்தில் அலைவுகாட்டியைக் கற்பிக்கும் ஆசிரியர், அலையின் வடிவத்தைக் காட்டுமுன், அதன் கவ்வி எங்கே இணைந்துள்ளது என்பதைக் காட்டுதல் முறை. செருகியின் புவிமுள்ளுக்கும் கவ்விக்கும் இடையேயுள்ள தொடர்பை ஓர் ஓம்மானியால் மாணவரே அளந்து அறியட்டும். அதன்பின் ஆளிமுறை மின்வழங்கியொன்றை மின்னிணைப்பின்றித் திறந்து, கொள்ளளவி வெறுமை என்பதை அளந்து உறுதிசெய்தபின், இரு புறங்களையும் பிரிக்கும் எல்லையைப் பலகையின்மேல் விரலாற் பின்தொடர்ந்து காணட்டும். உயர் அழுத்தப் புறத்தில் மின்சாரத்தோடு அளக்கும் வேலையைப் பயிற்சி பெற்றவரின் துணையின்றி எவரும் தனித்துச் செய்தலாகாது. அளக்கப் புகுவோன் முதலில் வினவவேண்டிய வினா, இங்கே எத்தனை வோல்ற்று என்பதன்று. என் பூச்சியம் எது, இக்கருவியின் பூச்சியம் எது என்பதே. அவ்வினாவுக்கு விடை கண்டபின் அலைவுகாட்டியை எடுப்போனுக்கு அது நல்ல துணையாகும்.